கார்டை நிறுத்திய பிறகுதான் கடன் குறைய ஆரம்பித்தது

கிரெடிட் கார்டு கடனில் இருப்பவர்களுக்குப் பொதுவாகக் கிடைக்கும் அறிவுரை, செலவைக் குறைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டு என்பதுதான். அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். கார்டை உபயோகிப்பதை அடியோடு நிறுத்த வேண்டும். கடன் அடையட்டும், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

எங்களுக்குக் கடன் வந்தது மாமனாரின் ஆபரேஷனால். அந்த நேரத்தில் கார்டு கைகொடுத்தது, அதை மறுக்க மாட்டேன். வைத்திருந்த மூன்று கார்டுகளும் லிமிட் வரை போயின. மாமா தேறி வீட்டுக்கு வந்துவிட்டார். அதன்பின் ஒவ்வொரு மாதமும் மினிமம் டியூவை, அதாவது பில்லில் குறைந்தபட்சம் கட்டியாக வேண்டும் என்று போட்டிருக்கும் தொகையை, தேதி தவறாமல் கட்டி வந்தோம். அப்படியும் ஸ்டேட்மென்டில் மொத்தப் பாக்கி அசைந்தே கொடுக்கவில்லை.

நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள். இது ஏன் என்று தெரியாமல் விட மனசில்லை. எளிதாகப் புரிய ஒரு முழு எண்ணை வைத்துச் சொல்கிறேன். பாக்கி 1,00,000, வட்டி மாதம் 3 சதவீதம், மினிமம் டியூ 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 3,000 சேர்ந்து பில் 1,03,000 ஆகிறது. மினிமம் 5,150. கட்டியதும் பாக்கி 97,850. ஆக, கட்டிய 5,150-ல் அசலைத் தொட்டது 2,150 மட்டும். பாக்கி குறையக் குறைய அடுத்தடுத்த மினிமமும் குறையும். பார்க்கச் சுமை இறங்குவது போல இருக்கும், கடனோ நீண்டுகொண்டே போகும். புதிதாக எதுவுமே வாங்காமல் 32 மாதம் இப்படிக் கட்டினால், மொத்தம் கட்டியது ஏறக்குறைய 1,20,000. அப்போதும் 50,000-க்குப் பக்கத்தில் பாக்கி நிற்கும்!

அதே ஆள், பில்லில் மினிமம் எவ்வளவு என்று போட்டிருந்தாலும் கண்டுகொள்ளாமல், முதல் மாதம் கட்டிய அதே 5,150-ஐ மாதாமாதம் கட்டியிருந்தால்? 30-ஆவது மாதத்தோடு கடன் முழுவதும் தீர்ந்துவிடும். வருமானம் கூடவில்லை, வட்டி குறையவில்லை, முதல் மாதம் கொடுக்க முடிந்ததைக் குறைக்காமல் கொடுத்தார், அவ்வளவுதான். இந்த இரண்டு கணக்கையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி என் கணவரிடம் காட்டினேன். அவர் ஒரு தடவை தானே போட்டுப் பார்த்துவிட்டு, "இத்தனை நாள் இதை யாரும் சொல்லலையே" என்றார்.

மினிமம் என்று ஒரு எண்ணை அச்சிட்டுக் காட்டுவதே நம்மைக் கீழே இழுக்கிறது. உளவியல் ஆய்வாளர் நீல் ஸ்டூவர்ட் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், பில்லில் மினிமம் தொகையைப் பார்த்தவர்களைவிட அது இல்லாத பில்லைப் பார்த்தவர்கள், முழுத்தொகையைக் கட்டாதபோதும், அதிகமாகக் கட்ட முன்வந்தார்கள்.

சரி, கட்டுகிற தொகையை நிலையாக வைத்தால் போதாதா, கார்டை ஏன் விட வேண்டும்? இதைத்தான் என் கணவரும் கேட்டார். காரணம், வட்டியில்லாத நாட்கள். பில்லை முழுதாகக் கட்டுபவருக்கு வாங்கிய நாளிலிருந்து கட்ட வேண்டிய தேதி வரை வட்டி கிடையாது. பாக்கி வைத்தால் பொதுவாக அந்தச் சலுகை போய்விடும். அதன்பிறகு தேய்க்கிற ஒவ்வொன்றுக்கும் அன்றிலிருந்தே வட்டி ஓட ஆரம்பிக்கும். பெட்ரோலாக இருந்தாலும் மாத்திரையாக இருந்தாலும் வட்டியோடுதான் வாங்குகிறோம். ரிவார்டு பாயின்ட்டாகத் திரும்பி வருவதைவிட ஒரு மாத வட்டியாகப் போவது பெரும்பாலும் அதிகம்.

இன்னொன்று, கார்டு கையில் இருந்தால் பொருளின் விலையே மனசில் உறைப்பதில்லை. டிரேசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் என்ற இரண்டு எம்ஐடி பேராசிரியர்கள் 2001-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மாணவர்களிடம் கூடைப்பந்துப் போட்டி டிக்கெட்டை ஏலம் விட்டார்கள். ரொக்கமாகத் தர வேண்டும் என்று சொல்லப்பட்டவர்கள் கேட்டதைவிட, கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள் கேட்ட விலை சராசரியாக ஏறக்குறைய இரண்டு மடங்கு. விவரம் தெரிந்த எம்பிஏ மாணவர்களே அப்படி என்றால், இதை மன உறுதியால் மட்டும் சமாளித்துவிடலாம் என்று நான் நினைக்கவில்லை.

"அவசரத்துக்கு ஒண்ணாவது இருக்கட்டுமே" என்பதுதான் கடைசித் தயக்கம். அந்தப் பயம் நியாயமானது, எனக்கும் இருந்தது. அதனால் கூடுதலாகக் கட்டத் தொடங்கும் முன்பே ஒரு மாத வீட்டுச் செலவுக்கான தொகையைத் தனிச் சேமிப்புக் கணக்கில் ஒதுக்கினோம். அவ்வளவு வட்டி ஓடும்போது பணத்தைச் சும்மா வைப்பது கணக்குப்படி நஷ்டம்தான். ஆனால் அது இருந்ததால்தான் கார்டை விட முடிந்தது.

கார்டைக் கத்தரியால் வெட்டுவது சுலபம். ஆனால் அந்த எண் போனில் உயிரோடு இருக்கும். ஷாப்பிங் ஆப், டாக்சி ஆப், மாதச் சந்தா என்று சேமித்து வைத்திருந்த இடங்களில் எல்லாம் ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். தானாகப் பணம் எடுக்கும் சந்தாக்களை டெபிட் கார்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பாக்கி இருக்கும்போது பெரும்பாலும் கணக்கை மூட விட மாட்டார்கள். கார்டை முடக்கச் சொல்லலாம், லிமிட்டைக் குறைக்கச் சொல்லலாம், ஆப்பில் ஆன்லைன் உபயோகத்தை நிறுத்தி வைக்கலாம். நாங்கள் மூன்றையும் செய்தோம்.

எந்தக் கார்டை முதலில் தீர்ப்பது? வட்டி அதிகமானதை முதலில் கட்டினால் மொத்தச் செலவு குறையும். நாங்கள் சின்னப் பாக்கியில் ஆரம்பித்தோம். வட்டி மூன்றிலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது, அப்புறம் ஒன்றாவது முடிந்தது என்று பார்க்க வேண்டியிருந்தது.

அந்த முதல் கார்டை மூட வங்கியைக் கூப்பிட்டபோது, "ஏன் மேடம் மூடுறீங்க, வருஷக் கட்டணம் இல்லாம பண்ணித் தரேன் மேடம், லிமிட்டும் ஏத்தித் தரேன்" என்று போனை எடுத்த பெண் விடவே இல்லை. பாவம், அவள் வேலை அது. மூடிவிடுங்கம்மா என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். வேண்டுகோள் எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டேன். முழுப் பாக்கியையும் கட்டியிருந்தோம், இருந்தும் அடுத்த மாதம் ஒரு சின்ன வட்டி பில் வந்தது. பில் போட்ட தேதிக்கும் நாம் கட்டிய தேதிக்கும் இடைப்பட்ட நாட்களின் வட்டி அது. பலர் இதைக் கவனிக்காமல் விட்டு, தாமதக் கட்டணம் வரை போய்விடுகிறது. ஆகவே மூடும் அன்று வரையான தொகையைக் கேட்டுக் கட்டி, பாக்கி இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். கார்டை மூடினால் கிரெடிட் ஸ்கோர், அதாவது கடன் கொடுப்பவர்கள் நம்மை எடைபோடப் பார்க்கும் மதிப்பெண், கொஞ்சம் இறங்கலாம். புதுக் கடன் வாங்கப் போகாத எங்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

இப்போது ஒரு கார்டின் பாக்கிதான் இருக்கிறது. முடிந்த இரண்டுக்கும் கட்டி வந்த பணமும் அதற்கே போகிறது.

மினிமம்கூடக் கட்ட முடியாத நிலையில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று. கடைசித் தேதி தாண்டும் முன் வங்கியை நீங்களே கூப்பிட்டு, குறைந்த வட்டியில் தவணையாக மாற்றித் தரக் கேளுங்கள். பாக்கியில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து, மீதியைக் கட்டி முடிக்கும் செட்டில்மென்ட் என்று அவர்கள் சொன்னால், அது கிரெடிட் அறிக்கையில் 'முழுதாகக் கட்டியது' என்று பதிவாகாது என்பதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். தொகையும் தேதியும் எழுத்தில் வராமல் பணத்தை அனுப்பாதீர்கள்.