மூன்றாம் தரம் ஓரல், ஒரேயொரு ரூல்

போன கிழமை ரிசல்ட் வந்தது. கப்பல் அதிகாரியாவதற்கான செக்கண்ட் மேட் பரீட்சையின் ஓரல் (வாய்மொழிப் பரீட்சை), மூன்றாம் முறைதான் பாஸ். எழுத்துப் பேப்பர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, கணக்குச் செய்து கை பழகினால் போதும். ஆளை விழுத்துவது ஓரல்தான்.

என் சறுக்கல் அதற்கு முதலே தொடங்கியது. பரீட்சைக்கு முதல் கப்பலில் வேலை செய்து முடிக்க வேண்டிய 12 மாத சீ டைமில் 11ஆம் மாதம் அப்பெண்டிக்ஸ். துறைமுகத்தில் இறக்கி ஆஸ்பத்திரி, பிறகு மட்டக்களப்பு கல்லடியில் வீடு. மிச்ச ஒரு மாதத்துக்குக் கப்பல் கிடைக்க 9 மாதம் காத்திருந்தேன்.

முதல் ஓரலில் பரீட்சகர் கேட்டார்: "பனிமூட்டம். றேடாரில் மட்டும் இடப்பக்கம் முன்னால் ஒரு கப்பல், மோதும் போக்கு. என்ன செய்வீர்?" நெஞ்சை நிமிர்த்தி, "நான் ஸ்டாண்ட் ஆன்" என்றேன், அதாவது என் போக்கையும் வேகத்தையும் மாற்றமாட்டேன், மற்றவன்தான் விலக வேண்டும் என்று. அவர் பேனையை மூடி வைத்தார். இரண்டாம் தரம் கப்பல் வலப்பக்கம் வந்தது. பதற்றத்தில் இடப்பக்கம் திருப்பினேன்.

அன்றிரவு கல்லடி திருச்செந்தூர் முருகன் கோயிலடியில் போய் இருந்தேன். 2004 சுனாமியில் மணலுக்குள் இறங்கிச் சரிந்த கோபுரம் முன்னால். நான் பெரிய பக்தன் இல்லை, முருகனோடு சண்டைதான் பிடித்தேன். சரிந்தும் விழாமல் நின்றதைப் பார்க்கப் பார்க்க அழுகை அடங்கியது. டோர்ச் அடித்துத் தேடி வந்த அப்பா, என்ன கேள்வி என்று விசாரித்தார்.

"அவனும் உன்னக் காணல்ல, நீயும் அவனக் காணல்ல. பிறகு ஆர் மனே வழி விடுற? வாவியில பனி மூடினா நாங்க கூவிக் கூவி, மெல்லமாத்தானே தோணி விடுறம்."

கடலில் கப்பல்கள் மோதாமலிருக்க உள்ள சர்வதேச விதிகளில், யார் வழி விடுவது என்று சொல்லும் ரூல் 11 முதல் 18 வரை ஒன்றையொன்று கண்ணால் காணும் கப்பல்களுக்கு மட்டும். நூறு தரம் வாசித்த வரி, அன்றைக்குத்தான் உள்ளே இறங்கியது.

எழுதப் போகும் தம்பிமாருக்கு:

- கண்ணால் காணுதா, றேடாரிலா? அது தெரியாமல் வாயைத் திறக்காதீர்கள்.
- ரூல் 19 (பனிமூட்டம் போல கண் தெரியாத நேரத்துக்கு): றேடாரில் மட்டும் தெரிகிற, முன்பக்கம் உள்ளவனுக்கு இடப்பக்கம் திருப்புவதைத் தவிருங்கள். நீங்கள் முந்துகிற கப்பலுக்கு மட்டும் விலக்கு.
- பனியில் ஓடும் இயந்திரக் கப்பலுக்கு 2 நிமிடத்துக்கு மிஞ்சாமல் ஒரு நீள ஊதல், 4 முதல் 6 செக்கன்.
- இரவில் பச்சை விளக்குக்குக் கீழ் வெள்ளை என்றால் இழுவைமடிக் கப்பல், சிவப்புக்குக் கீழ் வெள்ளை என்றால் மற்ற மீன்பிடிக் கப்பல்.
- கூட்டமாகப் படிக்க வேண்டாம். எனக்கு ஒத்துவரவில்லை, உங்களுக்கும் வராது.
- கப்பல் தெரியாத ஒருவருக்குத் தமிழில் சொல்லிப் பாருங்கள்.

மூன்றாம் தரம் முழுக்க மிதவைகளைப் பற்றித்தான் கேட்டார். ரூல் 19 வரவேயில்லை. அப்பாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.