குடோன் குறிப்பு: பாட்டில் ஒயினும் குத்துமதிப்பும்

மே 6, செவ்வாய்

"முக்கால் லிட்டர், அப்போ முக்கால் கிலோ; பாட்டிலோட ஒரு கிலோன்னு போடு" என்று கணக்குச் சொல்லி வண்டி பிடிப்பவர்கள் மாதவரம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். முதல் பாதி சரிதான். இனிப்பில்லாத ஒயின் தண்ணீரைவிடத் துளி லேசு. லிட்டருக்கு 990 முதல் 995 கிராம் என்றால் 750 மில்லி ஏறக்குறைய 744 கிராம். இனிப்பு ஒயினில் இருபது, முப்பது கிராம் கூடும், அவ்வளவுதான். கோட்டை விடுவது கண்ணாடியில். லேசான காலி பாட்டில் 400 கிராமுக்குள் முடிந்துவிடும். அடிக்குழி ஆழமாக, தோள் அகலமாக வரும் 'கௌரவ' பாட்டில் 800 கிராமையும் தாண்டும். உள்ளே இருப்பது இரண்டிலும் அதே 750 மில்லி.

கார்க், மூடி உறை, லேபிளுக்குப் பத்து கிராம் வைத்தால் லேசான பாட்டில் 1,154 கிராம். பன்னிரண்டு போட்டு, தடுப்பு அட்டையோடு பெட்டிக்கு 600 கிராம் சேர்த்தால் கேஸ் 14.4 கிலோ. கனத்த பாட்டிலில் அதே பன்னிரண்டு 19 கிலோவைத் தாண்டும். ஆயிரம் கேஸுக்கு வித்தியாசம் 4.8 டன். லிட்டரைப் பார்த்து வண்டி பிடித்தவர் நடுரோட்டில் நிற்பது இதனால்தான்.

மே 7, புதன்

ஒரு சரக்குக்குக் கேஸின் சராசரி எடை கட்டுவதற்கு ஐந்து கேஸாவது நிறுக்க வேண்டும். வெவ்வேறு பேலட்டிலிருந்து (கேஸ்களை அடுக்கும் அடிப்பலகை), நடு அடுக்கிலிருந்து எடுக்க வேண்டும். மேல் அடுக்கு அட்டை காய்ந்திருக்கும், அடி அடுக்கு ஈரம் குடித்திருக்கும். எண்ணூர் கடற்காற்றில் நாலு நாள் கிடந்த அட்டைப்பெட்டி முப்பது கிராம் கூடுவது சாதாரணம்.

தராசில் முதலில் நீர்க்குமிழி நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு பெடஸ்டல் ஃபேனை அணைத்துவிட்டுப் பூஜ்யம் வையுங்கள். பொன்னேரி நெடுஞ்சாலையை ஒட்டிய குடோன்களில் டிரெய்லர் போகும்போதெல்லாம் கடைசி இலக்கம் ஆடும். அது அடங்கிய பிறகுதான் எழுத வேண்டும். அந்த வருட முத்திரை இல்லாத தராசில் எடுத்த எடையை, தகராறு வந்தால் எதிர்த்தரப்பு ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்.

காலி பாட்டில் எடை தெரியாவிட்டால், உடைந்த கேஸில் மிஞ்சிய நல்ல பாட்டில் ஒன்றைத் தனியாக நிறுத்து 744-ஐயும் பத்தையும் கழித்தால் போதும்.

மே 9, வெள்ளி

பேலட்டை எண்ணுவது. 100-க்கு 120 சென்டிமீட்டர் பலகையில் பன்னிரண்டு பாட்டில் கேஸ் அடுக்குக்கு 14, நாலு அடுக்கு, மொத்தம் 56 என்று வருவது வழக்கம். 504 லிட்டர். பலகை 25 கிலோவோடு சுமார் 830 கிலோ.

வெளிப்பக்கம் தெரியும் பெட்டியை மட்டும் எண்ணி, நீளம் இத்தனை, அகலம் இத்தனை என்று பெருக்குபவருக்கு நடுவில் இருக்கும் பொந்து தெரியாது. பெட்டிகளை மாற்றி மாற்றிச் சுற்றி அடுக்கும்போது நடுவில் புகைபோக்கிபோல் ஓர் இடைவெளி விழும். ஏணி போட்டு மேலிருந்து டார்ச் அடித்தால் தெரிந்துவிடும். இதைவிட மோசம், ஆறு பாட்டில் கேஸும் பன்னிரண்டு பாட்டில் கேஸும் கலந்து வருவது. கேஸ் எண்ணிக்கை சரியாக இருக்கும், லிட்டர் உதைக்கும். ஒன்று 4.5 லிட்டர், மற்றது 9. எண்ணிக்கை குறிக்கும் டாலி தாளில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் போடாதவர் கையெழுத்தை நம்ப வேண்டாம்.

இருபதடி கன்டெய்னரில் இந்தப் பேலட் பத்து நிற்கும்: 560 கேஸ். பலகை இல்லாமல் கையால் அடுக்கினால் சுமார் 1,200 கேஸ், 10,800 லிட்டர், 17 டன்னுக்குச் சற்று மேல்.

லாரி எடை மேடைச் சீட்டை வைத்துக் கேஸ் குறைவு பிடிக்க முயல்வது வீண் வேலை. மேடை பத்து, இருபது கிலோவாகத்தான் தாவும். காலி வண்டி எடைக்கும் பார வண்டி எடைக்கும் நடுவில் நூறு லிட்டர் டீசல் போட்டால் 83 கிலோ. கிட்டத்தட்ட ஆறு கேஸ். கப்பலேற்றும் முன் கன்டெய்னரின் மொத்த எடையை உறுதிசெய்து தர வேண்டும் என்ற சர்வதேச விதி 2016 ஜூலை 1 முதல் இருக்கிறது. அது கப்பலின் பாதுகாப்புக்கானது, சரக்கு எண்ணிக்கைக்கு உதவாது.

மே 12, திங்கள்

அக்னி நட்சத்திரம். கார்க் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் எழும்பிய பாட்டில்கள் வரும் காலம்.

ஐரோப்பிய பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து அடிவிளிம்பைத் தடவினால் 75 சிஎல் (சென்டிலிட்டர்), 63 எம்எம் என்று புடைப்பெழுத்து தட்டுப்படும். 20 டிகிரியில், வாயிலிருந்து 63 மில்லிமீட்டர் கீழே மட்டம் நின்றால் உள்ளே 750 மில்லி என்று பொருள். கார்க் 45 மில்லிமீட்டர் போக, மிச்சம் 18 மில்லிமீட்டர்தான் காற்று. 35 டிகிரியில் ஒயின் மூன்றரை மில்லி விரியும். கழுத்துக்குள் விட்டம் 18.5 மில்லிமீட்டர் என்பதால் மட்டம் ஒன்றேகால் சென்டிமீட்டர் ஏறிவிடும். சிக்கிய காற்று கார்க்கை மேலே தள்ளுகிறது. கன்டெய்னர் என்ற தகரப் பெட்டிக்குள் சூடு 35-இல் நிற்பதுமில்லை.

எனவே வெயிலில் இறக்கிய கையோடு மட்டம் பார்த்து "நிறைய இருக்கு" என்று எழுதாதீர்கள். ஒரு ராத்திரி ஏசி அறையில் வைத்துவிட்டு அளவுகோலைப் பிடியுங்கள். 500 மில்லிக்கு மேல் ஒரு லிட்டர்வரை, பொட்டலப் பொருள் விதிகள் 15 மில்லி குறைவுவரை பொறுக்கும். மட்டம் கழுத்தைத் தாண்டித் தோள்வரை இறங்கினால்தான் அந்த எல்லை வரும்.

மே 14, புதன்

ஒரு பாட்டில் இல்லாத கேஸைத் தராசு உடனே காட்டிக்கொடுக்கும், ஒரு கிலோவுக்கு மேல் இறங்கும். உள்ளேயே உடைந்து ஒயின் மட்டும் ஒழுகிய கேஸ் 744 கிராம் இறங்க வேண்டும். அட்டை உறிஞ்சிக்கொள்வதால் 500 மட்டுமே காட்டலாம். பாட்டிலுக்குப் பாட்டில் கண்ணாடி பத்து கிராம் முன்பின் இருப்பதால் 100 கிராம் வித்தியாசத்துக்குப் பெட்டியைப் பிரிக்க வேண்டியதில்லை. 300 தாண்டினால் பிரியுங்கள். ஐம்பது மில்லி கசிவை எடை சொல்லாது, மூக்கு சொல்லும். பெட்டியின் அடிமடிப்பில் புளித்த வாடையும் ஊதாக்கறையும் இருக்கும்.

ஷாம்பெயின் வகைக்குக் கணக்கே வேறு. உள்ளே ஐந்தாறு வளிமண்டல அழுத்தம் என்பதால் வழக்கமான காலி பாட்டிலே 835 கிராம், நிறைந்தது 1.6 கிலோ, ஆறு பாட்டில் கேஸ் பத்து கிலோ. எடை குறைந்த ஷாம்பெயின் கேஸைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்க்கிற பழக்கம் நம் லோடுமேன்களிடம் உண்டு. கீறல் விழுந்த பாட்டில் அதில் வெடிக்கும். அந்தக் கேஸைத் தனியாக ஒதுக்கி, கண்ணுக்குக் கவசம் போட்டுத்தான் திறக்க வேண்டும்.