ஆர்டுயினோவில் ஒரு சைமன்: விளக்கைவிட ஒலிக்கே வேலை அதிகம்

நான்கு எல்இடி, நான்கு பொத்தான், ஒரு சின்ன ஸ்பீக்கர், ஆர்டுயினோ நானோ என்ற, நிரல் ஏற்றி இயக்கும் ஒரு சிறு மின்னணுப் பலகை. சைமன் விளையாட்டைச் செய்ய இவ்வளவு போதும். பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம் என்று கருவி ஒளிர்ந்து ஒலிக்கும் வரிசையை நாம் அப்படியே திருப்பி அழுத்த வேண்டும். சுற்றுக்குச் சுற்று வரிசையில் ஒன்று கூடும். அமெரிக்காவின் மில்டன் பிராட்லி நிறுவனம் இதை 1978-இல் கொண்டுவந்தது.

ஒயரிங் ஒரு மாலை வேலை. பொத்தானை ஒருமுறை அழுத்தினாலும் உள்ளே தகடு அதிர்ந்து இரண்டு மூன்று அழுத்தலாகப் பதிவாகும். 20 மில்லிவினாடி பொறுத்து மறுபடி பார்க்க நிரலில் சொன்னால் அடங்கிவிடும்.

ஒலிதான் என்னை உட்கார வைத்தது. மனம்போன போக்கில் நான்கு அதிர்வெண்களைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தேன். விளையாட முடிந்தது, கேட்கத்தான் முடியவில்லை.

இதே அனுபவம் சைமனை உருவாக்கிய ரால்ஃப் பேருக்கும் இருந்திருக்கிறது. 1976-இல் சிகாகோவில் நடந்த கண்காட்சியில் அவரும் சைமனில் அவரது கூட்டாளியான ஹோவர்ட் மாரிசனும், வீடியோ கேம் நிறுவனமான அடாரியின் 'டச் மீ' என்ற காசு போட்டு ஆடும் இயந்திரத்தைப் பார்த்தார்கள். அதுவும் வரிசையைத் திருப்பி அழுத்தும் ஆட்டம்தான். யோசனை பிரமாதம், சத்தம் கர்ணகடூரம். ரால்ஃப் பேர் தேடிப் பிடித்த தீர்வு, ராணுவத்தில் ஊதும் புகிள் என்ற ஊதுகொம்பு. அதில் வாசிக்கக் கிடைக்கும் சுரங்கள் சிலவே. எந்த வரிசையில் ஊதினாலும் ஒன்றோடொன்று இழையும். நம் கணக்கில் கீழ்ப் பஞ்சமம், ஷட்ஜம், அந்தர காந்தாரம், மேல் பஞ்சமம். 392, 523, 659, 784 ஹெர்ட்ஸ் என்று மாற்றியதும் என் பலகையும் பாட ஆரம்பித்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒலியை வைத்தே என் மகள் ஆடுகிறாள். ஒலியை நிறுத்திவிட்டால் எங்கள் இருவருக்கும் பாதி வரிசைகூட நினைவில் நிற்பதில்லை.

ரால்ஃப் பேர் வடிவமைத்த ஒடிஸி என்ற வீட்டு வீடியோ கேம் கருவியின் டென்னிஸ் ஆட்டத்தை 1972-இல் பார்த்த பிறகுதான் அடாரி தன் 'பாங்' என்ற பந்தடி வீடியோ கேமை வெளியிட்டது; வழக்குவரை போன விவகாரம். அதே அடாரியின் சரக்கை இவர் செப்பனிட்டுப் புகழ் பெற்றார். பழைய கடன் வட்டியோடு வசூலானது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

நிரல் எழுதும்போது இன்னொரு வியப்பு. மிகக் கடினமான நிலையில் வரிசை 31 வரை போகும். வரிசையில் வரும் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பைட், அதாவது எட்டு பிட், என்று ஒதுக்கியிருந்தேன். அசல் சைமனில் இருந்த டிஎம்எஸ் 1000 சில்லின் மொத்த ராம் நினைவகமே 32 பைட்! நான்கு நிறத்துக்கு இரண்டு பிட் போதும் என்பதால் முழு வரிசையையும் 8 பைட்டில் மடக்கினேன். 2,048 பைட் உள்ள நானோவுக்கு இந்தச் சிக்கனம் அவசியமே இல்லை, வீம்புக்குத்தான் செய்தேன்.

சைமனின் அறிமுக விழாவை நியூயார்க்கின் ஸ்டூடியோ 54 நடன விடுதியில் நள்ளிரவில் வைத்தார்கள். முந்தைய ஆண்டுதான் 'குளோஸ் என்கவுன்டர்ஸ்' படத்தில் வேற்றுக்கிரகக் கலம் வண்ண ஒளியாலும் சுரங்களாலும் மனிதர்களோடு பேசியிருந்தது. மின்னிப் பாடும் இந்த வட்டத் தட்டு அதன் குட்டிபோலவே தெரிய, விற்பனைக்குக் கேட்க வேண்டுமா? இன்றும் வீடியோ கேமில் வரிசையைத் திருப்பிச் செய்யும் புதிர் வந்தால் சைமன் புதிர் என்றுதான் சொல்கிறார்கள்.

தோற்றதும் வரும் அடித்தொண்டை உறுமல் மட்டும் பாக்கி. விரல்நுனி அளவு ஸ்பீக்கரில் அது இருமலாகத்தான் வருகிறது. பழைய ரேடியோவின் ஸ்பீக்கரைக் கழற்றி வைத்திருக்கிறேன், வட்டப் பெட்டியை அதற்கேற்ற அகலத்தில் வெட்ட வேண்டும்.