கான்ராட் கையில் இருந்த சங்கிலி

2011 மே மாதம். உரம் ஏற்றிக்கொண்டு சூயஸ் வழியாகத் தூத்துக்குடிக்கு வந்துகொண்டிருந்தோம். செங்கடலில் இறங்கியதிலிருந்தே வேலையெல்லாம் ஒன்றைப் பற்றித்தான்: சோமாலியக் கடல்கொள்ளையர் ஏறிவிடக் கூடாது. கைப்பிடிக் கம்பி நெடுக முள்கம்பிச் சுருள் கட்டினோம். இரண்டு பக்கமும் தீயணைப்புக் குழாய்களைத் தண்ணீர் பீய்ச்சத் தயாராக வைத்தோம். வேலைக்குப் போடும் பழைய பாய்லர் சூட்டுகளுக்குள் கந்தலை அடைத்து, ஆள் நிற்பதுபோலப் பின்தளத்தில் நிறுத்தினோம். நான் செகண்ட் ஆபீசர். ராத்திரி பன்னிரண்டிலிருந்து நாலு வரை, கப்பலை ஓட்டும் பிரிட்ஜில் வாட்ச் என்னுடையது. 18 நாட் (மணிக்கு 18 கடல்மைல்) வேகத்துக்கு மேல் ஓடும் கப்பலில் கொள்ளையர் ஏறியதாகப் பதிவில்லை என்று கொள்ளைத் தடுப்புக் கையேட்டில் போட்டிருந்தது. எங்கள் கப்பல் 12 நாட்டைத் தாண்டாது. சரக்கு நிறைந்து நன்றாக அமிழ்ந்திருந்ததால், ஏணியைச் சாத்தினால் தளத்துக்கு எட்டிவிடும்.

இருட்டிய பிறகு வெளிச்சம் வெளியே தெரியக் கூடாது. மெஸ் ரூமில் திரையை இழுத்துவிட்டு எல்லோரும் ஒன்றாகவே உட்கார்ந்திருப்போம். அப்படி ஒரு ராத்திரி, என் கையிலிருந்த புத்தகம் என்னவென்று பயிற்சிக்கு வந்திருந்த கேடட் கேட்டான். அப்பாவிடமிருந்து எனக்கு வந்த, ஆங்கிலக் கவிஞர் பைரனின் பழைய தொகுப்பு. நான் படித்துக்கொண்டிருந்தது 'தி கோர்சேர்', கடல்கொள்ளைத் தலைவன் ஒருவனின் கதை. "எங்களுக்கும் சொல்லுங்க சார்" என்றான்.

எனக்குத் தயக்கமாக இருந்தது. முந்தின மாதம்தான் ஆஸ்ஃபால்ட் வென்ச்சர் கப்பலுக்குப் பணயத் தொகை கொடுத்த பிறகும், இந்திய மாலுமிகள் ஏழு பேரை சோமாலியக் கரையிலேயே நிறுத்திக்கொண்டிருந்தார்கள். (அவர்கள் விடுதலையாக 2014 அக்டோபர் கடைசி ஆகிவிட்டது.) எஞ்சின் ரூமில் வேலை பார்க்கும் எங்கள் மோட்டார்மேனும் வேறொரு கப்பலில் மாதக்கணக்கில் பிடிபட்டுக் கிடந்து மீண்டவர். அவர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் கொள்ளையனைக் கதாநாயகனாக்கிய பாட்டைப் படிப்பதா? நான் அவர் முகத்தைப் பார்த்தேன். மடியில் பாய்லர் சூட்டை வைத்துக் கிழிந்த பையைத் தைத்துக்கொண்டிருந்தவர், ஊசியை எடுக்காமலே "படிங்க சார், பொழுது போகட்டும்" என்றார்.

1814 பிப்ரவரி 1ஆம் தேதி அந்தக் கவிதை வெளியான நாளிலேயே லண்டனில் 10,000 பிரதிகள் விற்றன. அடுத்த மாதம் ஜேன் ஆஸ்டின் தன் அக்காவுக்கு எழுதிய கடிதத்தில், கோர்சேர் படித்தேன், உள்பாவாடையைத் தைத்தேன், வேறு வேலை இல்லை என்கிறார். அவர்களுக்குக் கடல்கொள்ளையன் கதையில் வருகிறவன். எங்களுக்கோ அவன் ரேடாரில் திடீரென்று முளைக்கும் புள்ளி.

மூன்று காண்டம், மூன்று ராத்திரி. வரி வரியாக ஆங்கிலத்தில் படித்து, தமிழிலும் எனக்குத் தெரிந்த இந்தியிலும் சொன்னேன். கருநீலக் கடலின் மேல் எங்கள் எண்ணத்துக்கு எல்லையில்லை, உயிருக்குத் தளையில்லை என்று கொள்ளையர் பாடும் தொடக்கம் யாருக்கும் பிடிக்கவில்லை. கேடட் மட்டும் கண் விரியக் கேட்டான், வயசு அப்படி. தலைவன் கான்ராட் காய்ந்த ரொட்டியும் கிழங்கும்தான் தின்பான், மதுவைத் தொடமாட்டான் என்ற இடம் வந்ததும் சமையல்காரர் நிமிர்ந்தார். வயிற்றைக் கட்டினவன் எதையும் செய்வான், அவனிடம்தான் பயப்பட வேண்டும் என்றார். இத்தனை காலம் படித்தும் அந்த வரிகளை நான் அப்படி யோசித்ததில்லை.

தளத்து மாலுமிகளுக்குத் தலைவரான போசன், மணப்பாடு என்ற கடலோர ஊர்க்காரர். கான்ராடின் காதலி மெடோரா, அவன் திரும்பும் வழி தெரிய வேண்டுமென்று விடிய விடியத் தீ அணையாமல் காத்த இடத்தைக் கேட்டதும், "எங்கம்மா அரிக்கேன் லைட்டோட நிப்பாங்க தம்பி" என்றார். மற்றவர்கள் முன்னால் என்னை எப்போதும் சார் என்றே கூப்பிடுகிறவர். கடைசிக் காண்டத்தில் மெடோரா செத்துக் கிடக்கிறாள் என்று படித்தபோது, அவளிடம் சேதி சொன்னது யார் என்று கேட்டார். தப்பி வந்தவர்கள்தான், அவனைக் கட்டிவைத்து ரத்தம் சொட்டச் சொட்ட உயிரோடு பார்த்ததாக ஒருவன் சொன்னான் என்றேன். "பாதிச் சேதியைக் கொண்டு போறதுக்கு, கரைக்குப் போகாமலே இருந்திருக்கலாம்."

"எங்க வீட்டுக்கும் அப்படித்தான் போச்சு" என்றார் மோட்டார்மேன். போனைக் கையில் கொடுத்து, அழுதுகொண்டே பேசச் சொல்வார்களாம். பணம் சீக்கிரம் வர வேண்டுமே. பேச்சுப் பாதியில் இருக்கும்போதே போனைப் பிடுங்கிக்கொள்வார்களாம். மீதியை அவர் மனைவி வாரக்கணக்கில் தானாகவே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அவர் அவ்வளவு பேசி நாங்கள் கேட்டதில்லை. அதற்குச் சற்று முன்புதான் சிறைப் பகுதி முடிந்திருந்தது. தன்னைப் பிடித்த துருக்கிய ஆளுநரான பாஷாவின் கோட்டையில் கான்ராட் விலங்கோடு கிடக்கிறான். வெளியே புயல். சங்கிலியை இழுத்துக்கொண்டு சாளரக் கம்பியோரம் போய், இரும்பு பூட்டிய கையை வானத்தை நோக்கித் தூக்கி, ஒரு மின்னலாவது இரங்கித் தன்மேல் விழட்டும் என்று வேண்டுகிறான். புயல் அவனை மதிக்காமல் கடந்து போய்விடுகிறது. அந்த இடத்தில் மோட்டார்மேன் துணியைக் கீழே வைத்துவிட்டார். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன். "இது சரியா எழுதியிருக்கு" என்றார். கிடப்பது கொள்ளைக்காரன், கேட்பவரோ கொள்ளையரிடம் கிடந்தவர். அது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. கொள்ளையனைப் புகழும் பாட்டு அவரைப் புண்படுத்தும் என்று பயந்திருந்தேன். அவரோ அதற்குள்ளே தன்னைக் கட்டிவைத்தவர்களைத் தேடவே இல்லை.

ஏடன் வளைகுடா தாண்டியும் முள்கம்பியை அவிழ்க்கவில்லை. அபாயப் பகுதியை அன்றைக்கு 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை வரைக்கும் நீட்டியிருந்தார்கள், கிட்டத்தட்ட தூத்துக்குடி வாசல். கடைசி நாள் அதை அவிழ்க்கும்போது மோட்டார்மேன் பக்கத்தில் வந்து, அந்த மின்னல் வரிகளைத் தமிழில் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். நாலு வரிதான். ஆனாலும் மதியம் முழுக்க உட்கார்ந்தேன். 'இரங்கி ஒரு மின்னல்' என்று எழுதி அடித்து, 'ஒரே ஒரு மின்னல், இரக்கப்பட்டு' என்று மாற்றினேன். பிறகு மறுபடி முதலில் எழுதியதற்கே வந்தேன்.

வாங்கி நின்றபடியே படித்தார். நாலாக மடித்து, மாலுமிகளின் பணிப்பதிவேடான தன் சிடிசி புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு எஞ்சின் ரூமுக்கு இறங்கிப் போனார்.