மழைக்கு மண்டபம், கச்சானுக்கு முன் மதில்

திருகோணமலையில் மதிலில் படம் வரைபவர்களுக்கு ஐப்பசியில் வாடை தொடங்கினால் தை வரை கை கட்டிப்போகும். மதில் காயாது. ஈரச் சுவரில் பூசிய எமல்சன், வெயில் திரும்பும்போது தட்டுத்தட்டாகக் கழன்று வரும். அந்த மாதங்களில் ஓவியத்தை உள்ளே இருந்து துணியில் வரைந்து, ஒரு மண்டபத்தில் காட்சிக்கு வைத்துவிட்டு, பங்குனி சித்திரையில் அதே துணியை மதிலில் ஒட்டலாம். தெரு ஓவியம் சுவரிலிருந்து காட்சியறைக்குப் போவதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எங்கள் ஊருக்கு மறுவழிதான் பொருந்தும் என்று உறுதியாக நம்புகிறேன்.

சுவரிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோனவை பெரும்பாலும் சண்டையில்தான் முடிந்திருக்கின்றன. வட லண்டன் வுட் கிரீனில் ஒரு மலிவு விலைக் கடையின் சுவரில், தையல் இயந்திரத்தின் முன் குனிந்து கொடித் தோரணம் தைக்கும் சிறுவனை, முகம் காட்டாத தெரு ஓவியர் பாங்ஸி 2012இல் வரைந்தார். 2013 பெப்ரவரியில் அது சுவரோடு வெட்டப்பட்டு மியாமி ஏலத்தில் தோன்றியது. அயலவர்கள் கொதித்தெழ அங்கே நிறுத்தப்பட்டது, சில மாதங்களில் லண்டனில் விற்கப்பட்டது. அந்தக் கடைச் சுவர் இல்லாமல் அந்தச் சிறுவனுக்கு அர்த்தம் பாதிதான். இத்தாலியின் பொலோக்னா நகரில் 2016இல் தெருச் சுவர்களிலிருந்து பெயர்த்த ஓவியங்களைக் கண்காட்சிக்கு வைத்தபோது, புளூ என்ற ஓவியர் அந்நகரில் இருபது ஆண்டுகளாக வரைந்த தன் சுவர்களையெல்லாம் சாம்பல் நிறம் பூசி மறைத்தார். அமெரிக்க ஓவியர் கீத் ஹாரிங் எண்பதுகளின் தொடக்கத்தில் நியூயோர்க் சுரங்க ரயில் நிலையங்களில் வெறுமையாகக் கிடந்த விளம்பரப் பலகைகளின் கறுப்புத் தாளில் சோக்கால் வரைந்தார். காட்சியறைக்கு வேறாக வரைந்தார். அவருடைய வழி எனக்கு நேர்மையாகப் படுகிறது.

இனி துணி. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பெரிய சுவரோவியங்கள் இந்த முறையில்தான் பல ஆண்டுகளாகச் செய்யப்படுகின்றன. வேண்டியது நெய்யாத பொலியெஸ்டர் துணி. தையற்காரர் கொலருக்குள் வைப்பதைப் போல இருக்கும், ஆனால் பசை பூசப்படாததாக இருக்க வேண்டும். பருத்தி வேண்டாம், ஈரத்தில் சுருங்கி நீண்டு பூஞ்சணம் பிடிக்கும். 5 அடிக்கு 5 அடியாக வெட்டினால் ஒருவரே கையாளலாம். உட்சுவரில் பொலித்தீன் விரிப்பை இழுத்து ஒட்டி, அதன்மேல் துணியை வைத்து, பத்திலொரு பங்கு தண்ணீர் கலந்த வெள்ளை அக்ரிலிக் எமல்சனை ரோலரால் பூச வேண்டும். பெயின்ற் துணி வழியே ஊறிப் பொலித்தீனில் பிடித்துக்கொள்ளும். அது பிழையல்ல. காய்ந்தபின் இழுத்தால் பின்பக்கம் வழுவழுப்பாகக் கழன்று வரும். பொலித்தீனில் சுருக்கம் இருந்தால் அந்தச் சுருக்கம் துணியிலும் அப்படியே பதியும், பிறகு எதனாலும் போகாது. இரண்டு கை அடிப்பூச்சு போதும். அடுத்த துண்டோடு சேரும் பக்கங்களில் 1 அங்குலம் கூடுதலாக வரைய வேண்டும்.

நிறத்தில் சிக்கனம் பார்த்தால் இரண்டு வெயிலில் தெரிந்துவிடும். காவி, மஞ்சட்காவி போன்ற இரும்பு ஒக்சைட்டு நிறங்களும், தாலோ என்ற செயற்கை நிறமியில் வரும் நீலமும் பச்சையும் நிற்கும். பளிச்சென்ற இளஞ்சிவப்பும் மலிவான மஞ்சளும் வெளிறும். ஒளிரும் நிறங்கள் மாதக்கணக்கில்தான். கோயில் மதிலின் காவி வெள்ளைப் பட்டையைப் பாருங்கள்: சுண்ணாம்பும் காவியும் இரண்டுமே கனிமம், இரண்டுமே சுவரை மூச்சுவிட விடுகின்றன. அந்தப் பட்டை நிறம் மங்காமல் நிற்பதன் காரணம் அதுதான்.

துணி ஒரு வாரமாவது காய்ந்தபின் சுருட்ட வேண்டும், மடிக்கவே கூடாது. 4 அங்குல பி.வி.சி. குழாயில், வரைந்த பக்கம் வெளியே பார்க்கும்படி, நடுவில் கேக் வேகவைக்கும்போது தட்டில் போடும் ஒட்டாத தாளை வைத்துச் சுருட்டுங்கள். அக்ரிலிக்கும் அக்ரிலிக்கும் நம்மூர் வெக்கையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை ஒட்டினால் பிரிக்கும்போது கண்ணும் மூக்கும் மறுதுண்டோடு போய்விடும்.

மண்டபத்தில் தொங்கவிட, மேலும் கீழும் 3 அங்குலம் வெறுந்துணி விட்டு, 2க்கு 1 அங்குல மரச்சட்டத்தில் ஸ்டேப்பிள் அடிக்கலாம். ஒட்டும் நாளில் அந்த ஓரத்தை வெட்டி எறிந்துவிடலாம், ஓவியத்தில் ஓட்டை விழாது. கீழ்ச்சட்டம் இல்லாவிட்டால் மின்விசிறிக் காற்றில் துணி படபடக்கும். மண்டபத்துக்குள் வரும்போது சிக்கல் அளவில்தான் எழும். தெருவில் 30 கிலோமீற்றர் வேகத்தில் போகும் ஓட்டோவிலிருந்து பார்ப்பவர் நொடிக்கு 8 மீற்றர் கடக்கிறார். அவருக்குத் தடித்த கோடும் பெரிய தட்டையான நிறமும்தான் கண்ணில் படும். எழுத்து இருந்தால் 10 அடித் தூரத்துக்கு 1 அங்குல உயரம் என்று கணக்குப் போடுங்கள்: 100 அடிக்கு அப்பால் வாசிக்க 10 அங்குலம். அதே துணியை மண்டபத்தில் 2 மீற்றரில் நின்று பார்ப்பவருக்கு ரோலர் விளிம்பும் வழிந்த துளியும்தான் தெரியும். அதற்காக நுணுக்கம் சேர்க்காதீர்கள், தெருவில் அது அழுக்காகத் தெரியும். பக்கத்தில் மூல வரைபடம், கட்டமிட்ட தாள், நிறம் பார்த்த அட்டை, ஸ்டென்சில் தகடு ஆகியவற்றை வையுங்கள். மண்டபத்தில் விற்க வேண்டியவையும் அவைதான். துணி தெருவுக்குரியது.

மதிலைத் தேர்வதில்தான் அதிகம் தோற்கிறார்கள். டச்சு விரிகுடாப் பக்கத்து மதில் ஒன்றின் அடிப்பாகத்தைக் கிட்ட நின்று பார்த்தால், பெயின்றுக்குக் கீழே சுண்டு விரல் நகம் அளவில் கொப்புளங்கள் தெரியும். நாணயத்தால் சுரண்டினால் உள்ளே பஞ்சு போல வெள்ளைத் தூள். அது உப்பு. நிலத்திலிருந்து ஏறும் ஈரம் உப்பைக் கரைத்துக் கொண்டுவருகிறது, வெயிலில் தண்ணீர் போக உப்பு மணியாகித் தோலைத் தள்ளுகிறது. மேலே இன்னொரு கை பூசினால் கொப்புளம் பெரிதாகுமே ஒழிய அடங்காது. உலர்ந்த தூரிகையால் தட்டி எடுத்து, நல்ல தண்ணீரால் கழுவி, காயவிட்டு, திரும்பப் பூக்கிறதா என்று சில வாரம் பாருங்கள். பூத்தால் வேறு மதில் தேடுங்கள். ஈரம் அறிய, 18 அங்குலச் சதுரப் பொலித்தீனை நான்கு பக்கமும் டேப் ஒட்டி 16 மணிநேரம் விடுங்கள். உட்பக்கம் துளி கோத்தால் அந்த மதில் இன்னும் தயாரில்லை. புதுச் சீமெந்துப் பூச்சென்றால் 28 நாள் பொறுத்து, காரம் தாங்கும் பிறைமர் அடிக்க வேண்டும். 20க்கு 8 அடி மதில் ஏறக்குறைய 15 சதுர மீற்றர். சொரசொரப்பான பூச்சில் 1 லீற்றர் 6 சதுர மீற்றருக்குத்தான் வரும், ஆகவே இரண்டு கைக்கு 5 லீற்றர். ஓவியத்தின் கீழ்விளிம்பு நிலத்திலிருந்து 2 அடி மேலே இருக்கட்டும். மழைத் தெறிப்பு, மாட்டின் உரசல், சாயும் சைக்கிள் எல்லாம் அந்த 2 அடிக்குள்தான். கோட்டைச் சுவர்களையும் பழைய சுண்ணாம்புக் கட்டடங்களையும் தொடவே வேண்டாம்.

ஒட்டுவது அக்ரிலிக் ஜெல் என்ற கெட்டியான பசையால். காலை மேற்குப் பார்த்த மதில், பின்னேரம் கிழக்குப் பார்த்தது: எப்போதும் நிழலில். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று பலத்து வீசும் நாளில் ஜெல் கை வைக்குமுன் தோல் கட்டிவிடும். அதனால்தான் பங்குனி சித்திரை. மதிலிலும் துணியின் பின்பக்கத்திலும் பூசி, நடுவிலிருந்து வெளியே பிளாஸ்டிக் தகட்டால் தள்ளுங்கள். சேருமிடத்தில் இரண்டு துண்டையும் 1 அங்குலம் மேலேற்றி, கூரிய பிளேட்டால் இரண்டையும் ஒரே வெட்டாக வெட்டி, கழிவுகளை உருவினால் மூட்டு முடிபோலப் பொருந்தும். காற்றுக் குமிழைப் பிளேட் நுனியால் குத்தி அழுத்தலாம். மேல்விளிம்பை மட்டும் விரல்விரலாகப் பார்த்து மூடுங்கள். தண்ணீர் அங்கேதான் நுழையும், நுழைந்தால் முழுத்துணியும் பாய்மரம் போல வயிறு தள்ளும். கடைசியாக வெளிப்புற வார்னிஷ் இரண்டு கை.

மதில் உரிமையாளரோடு ஒரு பக்கத் தாள் எழுதிக்கொள்வது அவசியம். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் மதிலின் சொத்துரிமை வேறு, ஓவியத்தின் பதிப்புரிமை வேறு. எத்தனை ஆண்டு இருக்கும், யார் திருத்துவது, வெள்ளையடிக்குமுன் எத்தனை நாள் அறிவித்தல், யார் அதை நாட்காட்டியில் அச்சிடலாம் என்ற நான்கும் தாளில் இருக்க வேண்டும். நியூயோர்க்கில் சுவரெல்லாம் தெரு ஓவியங்கள் நிறைந்திருந்த பைவ் பொயின்ற்ஸ் கட்டடத்தில் அறிவிக்காமல் ஓர் இரவில் வெள்ளையடித்த உரிமையாளர், 2018 தீர்ப்பின்படி 21 ஓவியர்களுக்கு 67.5 இலட்சம் டொலர் கொடுக்க வேண்டி வந்தது. தாளோடு சேர்த்து, ஒவ்வொரு பெயின்ற் வாளியின் மூடியிலும் ஒட்டியிருக்கும் நிறக் குறியீட்டுச் சீட்டைப் படமெடுத்து வையுங்கள். அடுத்த வாடை போய் ஒரு மூலையைத் திருத்தப் போகும்போது கடையில் கேட்பார்கள்.