படிவம் திருப்பி அனுப்பிய பதில்கள்

மார்ச் 4

எங்கள் இணையப் பதிவுப் படிவம் ஏற்காமல் திருப்பிய பதில்களை மட்டும் தனியாகப் பிரித்துப் படித்தேன். குப்பையாகத்தான் இருக்கும் என்றார்கள். இல்லை, பெரும்பாலும் ஒழுங்காக எழுதிய பெயர்கள். பெயர்க் கட்டத்தின் விதி ஆங்கில எழுத்துகளை மட்டுமே உள்ளே விடுகிறது. தமிழில் எழுதியவர், முன்னெழுத்துக்குப் பின் புள்ளி வைத்தவர் எல்லோருக்கும் ஒரே பதில்: 'செல்லாது'. உன் பெயரே செல்லாது என்று ஒருவரிடம் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

மார்ச் 5

ரெகெக்ஸில், அதாவது கட்டத்தில் எந்த எழுத்துகள் வரலாம் என்று சொல்லும் விதியில், 'எந்த மொழி எழுத்தும் வரலாம்' என்று போட்டால் போதும் என்பது குழுவின் யோசனை. சோதித்தோம். 'அமல' நுழைகிறது, 'அமலா' நுழையவில்லை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடில் அ, ம, ல மூன்றும் எழுத்து வகை. துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் சேர்குறி என்ற வேறு வகை. இரண்டையும் அனுமதித்தால்தான் தமிழ்ப் பெயர் முழுசாக உள்ளே வரும். தேவநாகரிக்கும் இதே கதைதான்.

மார்ச் 7

இன்றைய சிக்கல் கண்ணுக்கே தெரியாதது. உலாவி ஏற்றுக்கொண்ட பெயரை சர்வர் மறுக்கிறது. பெயரின் நீளத்தை அளக்க உலாவி குறிகளை (எழுத்தும் சேர்குறியும் தனித்தனிக் குறி) எண்ணுகிறது, சர்வர் பைட்டுகளை எண்ணுகிறது. எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். 'ஸ்ரீ' பார்வைக்கு ஓர் எழுத்து, உள்ளே 4 குறிகள், 12 பைட். நீளமான தமிழ்ப் பெயர் சர்வரின் நீள எல்லையைத் தாண்டாமல் என்ன செய்யும்? இரு பக்கமும் குறிகளையே எண்ணும்படி மாற்றினோம்.

அப்புறம் 'கொ'. அதை ஒரே உயிர்க்குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, ஒப்பிட்டால் பொருந்தாது. சேமிக்கும் முன் எல்லாவற்றையும், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவந்தால் தீர்ந்தது.

மார்ச் 8

மின்னஞ்சல் கட்டம். வேறெங்கிருந்தோ காப்பி செய்து ஒட்டும்போது அகலமே இல்லாத இடைவெளி ஒன்று ஒட்டிக்கொண்டு வருகிறது. ஓரத்து இடைவெளிகளை வெட்டும் ஜாவாஸ்கிரிப்டின் டிரிம் கட்டளை அதை நீக்குவதில்லை, தனியாக நீக்க வேண்டும்.

மார்ச் 11

திரும்பி வந்த பதில்களை விட, சோதனையில் தேறிவிட்ட பதில்கள்தான் இப்போது என் கவலை. தேதிக் கட்டத்தில் 03/04/2025. மார்ச் 4ஆ, ஏப்ரல் 3ஆ? இரண்டுமே சரியான தேதிகள், எந்த விதியும் பிடிக்காது. 25/04 என்றால் மாதம் எது என்று ஊகிக்கலாம். 12க்குள் இரண்டு வெவ்வேறு எண்கள் இருந்தால் வழியே இல்லை. இனி உலாவியின் தேதிக் கட்டத்தையே வைக்கிறோம். திரையில் எப்படிக் காட்டினாலும் அது 2025-04-03 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில்தான் அனுப்பும். பழைய பதில்களை நாமே ஊகித்துத் திருத்தக் கூடாது என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். எழுதியவரிடமே கேட்க வேண்டும்.

மார்ச் 12

பிழைச் செய்திகளை மாற்றி எழுதினேன். 'செல்லாத பதில்' போய், 'மின்னஞ்சலில் @ குறி இல்லை' என்று கட்டத்துக்குக் கீழேயே வருகிறது. எழுதியது எதுவும் அழிவதில்லை. ஒரு கட்டத்தில் தவறென்றால் மீதி எல்லாவற்றையும் மறுபடி எழுதச் சொல்வது கொடுமை.

மார்ச் 14

ஒதுக்கி வைத்திருந்த பதில்களை எல்லாம் புதிய விதிகளில் ஓட்டிப் பார்த்தேன். பெயர்கள் அனைத்தும் தேறின. மறுக்கப்பட்டவை பாதியில் விட்ட மின்னஞ்சல்களும் இலக்கம் குறைந்த தொலைபேசி எண்களும் மட்டுமே. தேதி குழப்பமானவர்களுக்கு, மாதத்தைப் பெயராக எழுதச் சொல்லிக் கடிதம் போய்விட்டது.