அம்மாவுக்கு 30-க்கு 17

அப்பா தவறிய பிறகு, உசிலம்பட்டிப் பக்கம் இருந்த அம்மாவை மதுரையில் எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டோம். நாலு மாதத்தில் மறதி ஆரம்பித்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோவார், கேட்டதையே திரும்பக் கேட்பார். ஓர் ஆஸ்பத்திரியில் நினைவு, கவனம் எல்லாம் எப்படி இருக்கிறதென்று கேள்வி கேட்டுப் பார்க்கும் 'மோகா' சோதனை எடுத்தார்கள். 30-க்கு 17. பத்தே நிமிஷத்தில் மறதி நோய் என்று சொல்லி மாத்திரை எழுதிவிட்டார்கள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. தேதி கேட்டதற்கு, "ஆடி அமாவாசை போயி மூணாம் நாளு" என்றார் அம்மா. சரியான பதில்தான், ஆனால் தாளில் தப்பு. மூணாம் வகுப்போடு நின்றவரிடம் கடிகாரம் வரையச் சொன்னார்கள். நினைவில் வைக்கச் சொல்லி வாசித்த ஐந்து சொற்களில் பாதி அவர் காதிலேயே விழவில்லை.

வேறு டாக்டரிடம் போனோம். அந்த டாக்டரம்மா ஒரு மணி நேரம் பேசினார். காது, கண், சர்க்கரை, தைராய்டு, பி12 எல்லாம் பார்க்கச் சொன்னார். தூக்கம் வருகிறதென்று அம்மா தினமும் போட்ட சளி மாத்திரையை நிறுத்தினார். வயதானவர்களுக்கு அதுவே நினைவை மந்தமாக்குமாம். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னதும் அம்மா விழித்தார்.

"சரி, நூறு ரூபாய் கொடுத்து ஏழு ரூபாய்க்குக் கறிவேப்பிலை வாங்கினா மீதி எவ்வளவு?"

"தொண்ணூத்தி மூணு தாயி."

"இன்னொரு ஏழு ரூபாய்க்கு வாங்கினா?"

"எண்பத்தாறு."

பள்ளிப் படிப்பு 12 வருஷமோ அதற்குக் குறைவோ என்றால் மோகாவில் ஒரு மதிப்பெண் கூட்டுவார்கள். அம்மா மாதிரி ஆட்களுக்கு அது எந்த மூலைக்கு? குறைவாகப் படித்தவர்களுக்கென்றே 'மோகா பேசிக்' என்று தனிச் சோதனை இருப்பதை அந்த டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். 2024-ல் 'லான்செட்' மருத்துவ இதழின் நிபுணர் குழு மறதி நோய்க்குச் சொன்ன, நம்மால் மாற்ற முடிந்த 14 காரணங்களில் காது மந்தமும் தனிமையும் இருக்கின்றன என்றார். தனிமை என்றதும் எனக்குச் சுருக்கென்றது. ஊரில் திண்ணையில் நாலு பேரோடு மல்லி கட்டியவரை மூணாவது மாடியில் டிவியோடு உட்கார வைத்திருந்தோம்.

காது மெஷின் வாங்கினோம். சாயங்காலம் தெருமுனைப் பூக்காரம்மாவோடு உட்கார்ந்து பூக் கட்டுகிறார். முதல் நாளே விரல் பழைய வேகத்தில் ஓடியது. முழம் போட்டுக்கொண்டே பக்கத்துத் தெருக் கல்யாணக் கதையெல்லாம் கேட்டு வந்து எங்களுக்குச் சொன்னார். மாசியில் அதே சோதனையை மறுபடி எடுத்தபோது 22.

பால் இப்போதும் சில நாள் பொங்கி வழிகிறது. அடுத்த சோதனை ஆவணியில்.